மதுரை வட்டாரத்தில் காது கேளாதோர் மாநாடு நடத்துவது எப்படி

மாவட்ட அளவில் ஒரு காது கேளாதோர் மாநாட்டை நடத்துவதற்கும் இருநூறு பேர் கூடும் வேறு எந்தக் கூட்டத்தை நடத்துவதற்கும் உள்ள வேறுபாடு, மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகும் அன்றே தெரிந்துவிடும். மண்டப மேலாளர் ஒலிபெருக்கியின் தரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். சங்கத்தின் செயலாளரோ கூடத்தில் உள்ள தூண்களை எண்ணிக்கொண்டிருப்பார். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, சைகையைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த நான், மதுரையிலும் விருதுநகர், தேனி மாவட்டங்களிலும் இத்தகைய கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளனாகவும், சில வேளைகளில் நாற்காலி தூக்குபவனாகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில், ஏறத்தாழ நூற்றைம்பது முதல் இருநூற்றைம்பது பேர் வரை பங்கேற்கும் ஒரு நாள் மாநாட்டுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, முதல் முறையாக நடத்த முன்வரும் சங்கங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், மாநாடு யாருடையது

காது கேளாதோருக்காகப் பிறர் நடத்தும் அமைப்புகள் உண்டு. காது கேளாதோர் தாமே நடத்தும் அமைப்புகளும் உண்டு. இரண்டும் தேவைதான் என்றாலும், மாநாட்டைக் கூட்ட வேண்டியது இரண்டாவது வகை. இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1880ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி குறித்து ஒரு பன்னாட்டு மாநாடு கூடியது. அதில் கலந்துகொண்ட 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர்தான். பள்ளிகளில் சைகையை விலக்கி, உதட்டசைவைப் படிக்கவும் வாயால் பேசவும் மட்டுமே பயிற்றுவிக்க வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானித்தது. அதன் விளைவாக உலகெங்கும் பல தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேர்ந்தது. அதே மாநாட்டுத் தொடர் 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடியபோதுதான் அதற்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆகவே ஏற்பாட்டுக் குழுவில் பெரும்பான்மையினர் காது கேளாதவர்களாக இருக்க வேண்டும் என்பதைக் குழு அமைக்கும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள். குறிப்பாக வரவு செலவையும் நிகழ்ச்சி நிரலையும் தீர்மானிப்பவர்கள் அவர்களாக இருக்க வேண்டும். காது கேட்கும் நண்பர்கள் தொலைபேசியில் பேசுவது, காவல் நிலையத்துக்குப் போய் வருவது, சமையல்காரரிடம் கணக்குப் பேசுவது ஆகிய வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சோதனை உண்டு. மொழிபெயர்த்துச் சொல்வதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் ‘இதை நானே முடித்துவிடுகிறேன்’ என்று சொல்லத் தோன்றும். அப்படி மூன்று வேலைகளை முடித்துவிட்டால் நான்காவது வேலைக்குள் மாநாடு நம்முடையதாகிவிடும்.

சங்கம் இன்னும் பதிவாகவில்லை என்றால் அதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து, சங்கத்தின் நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவு எண் இருந்தால்தான் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும், நன்கொடைக்கு முறையாக ரசீது கொடுக்கவும், மனு அளிக்கும்போது ‘நீங்கள் யார்’ என்ற கேள்விக்குத் தாளைக் காட்டவும் முடியும். தேசிய அளவில் 1955இல் தோன்றிய அகில இந்தியக் காது கேளாதோர் கூட்டமைப்பும், 2005இல் காது கேளாதவர்களே தொடங்கிய தேசியக் காது கேளாதோர் சங்கமும் இருக்கின்றன. மாவட்டச் சங்கங்கள் அவற்றிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்தால் முடியும்வரை விடாமல் இருப்பது. காது கேளாதோருக்கு ஓட்டுநர் உரிமம் தர மறுத்து வந்த நடைமுறையைத் தேசியச் சங்கம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்று, 2011இல் அவர்களும் உரிமம் பெற வழிசெய்யும் உத்தரவைப் பெற்றது. இன்று கீழமாசி வீதி நெரிசலுக்குள் இருசக்கர வாகனத்தில் புகுந்து வரும் காது கேளாத இளைஞர்களின் சட்டைப் பையில் இருக்கும் உரிமத்துக்குப் பின்னால் அந்த வழக்கு இருக்கிறது.

நாள்

உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1951 செப்டம்பர் 23 அன்று ரோம் நகரில் உருவானது. அந்த நாளையே பன்னாட்டுச் சைகை மொழிகள் நாளாக ஐ.நா. பொதுச் சபை அறிவித்தது. 2018 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. செப்டம்பரின் கடைசி முழு வாரம் பன்னாட்டுக் காது கேளாதோர் வாரம். மாநாட்டை இந்த வாரத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் அதிகாரிகளையும் செய்தியாளர்களையும் அழைப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய நன்மை, அது புரட்டாசி மாதம் என்பது. நம் ஊரில் புரட்டாசியில் கல்யாணம் வைப்பவர்கள் குறைவு. வைகாசியிலும் ஆவணியிலும் கெஞ்சினாலும் கிடைக்காத மண்டபங்கள் அப்போது காலியாகக் கிடக்கும், வாடகையிலும் பேரம் பேசலாம். சாப்பாடும் சைவமாகவே இருந்துவிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு நடக்கும் காலம் என்பதால், சிறப்புப் பள்ளி ஆசிரியர்களையும் மாணவர்களையும் எதிர்பார்ப்பவர்கள் தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டு நாள் குறிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தையலகத்திலும் அச்சகத்திலும் பட்டறையிலும் வேலை செய்பவர்கள் கூலியை இழக்காமல் வரலாம் என்பது ஒன்று. மறுநாள் திங்கட்கிழமை என்பது மற்றொன்று; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மண்டபம்: கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது சங்கத்தைச் சேர்ந்த இருவர் போக வேண்டும். ஒருவர் மேடையில் மொழிபெயர்ப்பாளர் நிற்கப்போகும் இடத்தில் நிற்கட்டும். மற்றவர் கடைசி வரிசையின் ஓரத்தில் உட்காரட்டும். மேடையில் இருப்பவர் சில பெயர்களை விரலெழுத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் விரல்களால் காட்டும் முறையில், காட்ட வேண்டும். இந்தியாவில் வழங்கும் இருகை ஆங்கில எழுத்து முறையில் ஏ, இ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்தும் இடக்கையின் ஐந்து விரல் நுனிகளை வலக்கைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டப்படுகின்றன. தொடப்பட்டது நடுவிரலா மோதிர விரலா என்பது கடைசி வரிசைக்குத் தெரியவில்லை என்றால் ‘ஐ’யும் ‘ஓ’வும் ஒன்றாகிவிடும். அப்படியானால் அந்த மண்டபத்தில் வரிசைகளைக் குறைக்க வேண்டும், அல்லது பெரிய திரை வைக்க வேண்டும், அல்லது வேறு மண்டபம் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஏற்பாட்டாளர்களில் பலர் இதைச் செய்வதில்லை.

தூண்கள் இல்லாத கூடமே சிறந்தது. பழைய மண்டபங்களில் தூண் தவிர்க்க முடியாதது என்றால், தூணுக்குப் பின்னால் வரும் இடங்களில் நாற்காலி போடாமல் விட்டுவிட வேண்டும். போட்டால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்தவர் பாதி மாநாட்டை இழப்பார். நாற்காலிகளை நேர் வரிசையாக இல்லாமல் லாடம்போல வளைத்துப் போடுவது நல்லது. அப்போதுதான் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கருத்துச் சொல்லும்போது மற்றவர்கள் கழுத்தைத் திருப்பியாவது அவரைப் பார்க்க முடியும். கூட்டத்திலிருந்து பேசுபவரை மேடைக்கு அழைத்துவிடுவது அதைவிட எளிது.

மேடைப் பின்னணியைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தலைவர்கள், நன்கொடையாளர்கள், விழாக் குழுவினர் எல்லோருடைய முகங்களும் வண்ண வண்ணமாக நிறைந்த ஃப்ளெக்ஸ் பேனரின் முன்னால் நின்று ஒருவர் சைகை செய்தால், அவருடைய கைகள் எங்கே, பேனரில் கும்பிடுபவரின் கைகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மேடையின் நடுப்பகுதியில் பத்தடி அகலத்துக்காவது ஒரே நிறத் துணி, கருநீலமோ சாம்பலோ, தொங்க வேண்டும். ஃப்ளெக்ஸ் வாசலில் இருக்கட்டும். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள், நன்கொடை தந்தவருக்கும் அதுதான் லாபம். மேடை விளிம்பில் பூத்தொட்டிகளை அடுக்குவதையும், வீடியோ எடுப்பவர் தன் விளக்கைக் கூட்டத்தின் கண்ணில் அடிப்பதையும் முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

வெளிச்சம் என்பது இங்கே ஒலிபெருக்கிக்குச் சமம். செப்டம்பர் மாத மாலைகளில் மதுரையில் இடியும் மழையும் சட்டென்று வந்து போகும், கூடவே மின்சாரமும் போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், சங்கத்தின் இணைச்செயலாளர் கணக்கு அறிக்கையைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தபோது மண்டபம் இருண்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை, முன் வரிசையில் இருந்தவர்கள் கைபேசி விளக்குகளை ஏற்றி அவருடைய கைகளின்மீது அடித்தார்கள். சுவரில் பெரிய நிழல் விரல்கள் அசைய அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பத்தாவது வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இருந்தது, அதை இயக்குபவர் சாப்பிடப் போயிருந்தார். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், மாநாடு முடியும்வரை அதன் பக்கத்தில் யார் இருப்பார் என்றும் கேட்டு, அவருக்குச் சாப்பாட்டை அங்கேயே அனுப்பிவிட வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

சுவிட்சுப் பலகைக்கும் ஒருவரை நியமிக்க வேண்டும். விளக்கை மூன்று முறை அணைத்து ஏற்றினால் ‘எல்லோரும் மேடையைப் பாருங்கள்’ என்று பொருள். பழைய குழல்விளக்குகள் அணைந்து மீண்டும் எரிவதற்குள் தடுமாறும் என்பதால், எல்.இ.டி. விளக்குகள் உள்ள சுவிட்சு எது என்பதை முதல் நாளே கண்டுபிடித்து அதன்மீது ஒரு சிவப்புத் தாளை ஒட்டி வையுங்கள்.

ஒலிபெருக்கியும் வேண்டும். காவல் நிலையத்தில் அதற்கு அனுமதி கேட்கப் போனபோது, ‘காது கேளாதவர்களுக்கு மைக் எதற்கு?’ என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேலியாக அல்ல, உண்மையாகவே புரியாமல் கேட்டார்கள். மேடையில் ஒருவர் சைகையில் பேசும்போது, சைகை அறியாத விருந்தினருக்காகவும் பெற்றோருக்காகவும் மொழிபெயர்ப்பாளர் அதைக் குரலில் சொல்கிறார். அந்தக் குரலுக்குத்தான் மைக். அனுமதிக் கடிதத்திலேயே இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் விளக்கம் சொல்லும் நேரம் மிச்சம்.

மொழிபெயர்ப்பாளர்கள்

ஒரு நாள் மாநாட்டுக்குக் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும்; குழு விவாதங்கள் இருந்தால் நான்கு பேர். ஒருவரே தொடர்ந்து செய்தால் இருபது, முப்பது நிமிடங்களுக்கு மேல் மூளை களைத்துவிடும். கை அசைந்துகொண்டிருக்கும், பொருள் விடுபட்டுக்கொண்டிருக்கும், விடுபடுவது அவருக்கே தெரியாது. ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். ஓய்வில் இருப்பவர் முன் வரிசையில் எதிரே உட்கார்ந்து, மேடையில் இருப்பவர் தவறவிடும் எண்ணையோ பெயரையோ எடுத்துக் கொடுக்க வேண்டும்.

புதுதில்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதன் சைகை அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் வெளிவந்து 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. ஆனால் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேறு மாநிலத்திலிருந்து வந்தால், நம் பக்கத்துப் பெரியவர்கள் பள்ளி விடுதியில் கற்று வளர்த்த சைகைகள் அவருக்கு உடனே பிடிபடாது. திருநெல்வேலிப் பக்கம் படித்தவரும் மதுரையில் படித்தவரும் சில சொற்களுக்கு வெவ்வேறு சைகை காட்டுவதுண்டு. எனவே வெளியூர்க்காரர் வருவதானால் முதல் நாள் மாலை உள்ளூர்க்காரர்களோடு ஒரு மணி நேரமாவது உட்கார வையுங்கள்.

பேச்சாளர்கள் உரையையோ, குறைந்தது குறிப்புகளையோ இரண்டு நாள் முன்னதாகத் தர வேண்டும். துறைகளின் பெயர்கள், அரசாணை எண்கள், திருக்குறள், சிலேடை எல்லாம் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து விழுந்தால் எந்த மொழிபெயர்ப்பாளரும் திணறுவார். உடை ஒரே நிறத்தில், தோல் நிறத்திலிருந்து வேறுபட்டு, கட்டமோ பூவோ இல்லாமல் இருக்க வேண்டும். வளையல், மோதிரம், மின்னும் கடிகாரம் வேண்டாம். சைகை மொழியில் புருவமும் உதடும் இலக்கணத்தின் பகுதி. உயர்ந்த புருவம் ஒரு கூற்றைக் கேள்வியாக்கிவிடும் என்பதால், முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். திரையில் காட்டும்போது மொழிபெயர்ப்பாளரைத் தொலைக்காட்சிச் செய்திபோல மூலையில் ஒரு சிறு வட்டத்துக்குள் அடைக்கக் கூடாது. தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை முழுத் திரையில் அவரே தெரிய வேண்டும். பேசுபவரின் முகம் சிறிதாக இருந்தால் போதும்.

சைகை அறியாத, வயதான பிறகு செவித்திறன் குறைந்தவர்களும் வருவார்கள். அவர்களுக்காகத் தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒருவரை அமர்த்திப் பேச்சைத் திரையில் காட்டலாம். குரலை எழுத்தாக்கும் செயலிகளும் உதவும். ஆனால் மதுரைப் பேச்சு வழக்கைக் கேட்டு அவை எழுதுவதைத் திருத்த ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். பார்வையும் செவியும் சேர்ந்து குறைந்தவர் பதிவு செய்திருந்தால் அவருக்கென ஒருவர், கையைத் தொட்டு உணரும்படி சைகை செய்பவர், நாள் முழுவதும் வேண்டும். பாதி நேரம் மட்டும் வந்து போகிறவரை அந்தப் பொறுப்பில் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காது கேளாத பெற்றோருடன் வரும் காது கேட்கும் சிறுவர்களை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். எட்டு வயதில் வங்கி மேலாளருக்கும் என் அப்பாவுக்கும் இடையே நின்று கடன் பாக்கியைப் பற்றி விளக்கியவன் நான். அந்த மேலாளர் கோபமாகச் சொன்னதை அப்பாவிடம் கோபமில்லாமல் மாற்றிச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஓர் அறையையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்துவிடுங்கள்.

அழைப்பும் பதிவும்

அச்சிட்ட அழைப்பிதழ் அதிகாரிகளுக்குப் போதும். உறுப்பினர்களுக்குச் சைகைக் காணொளிதான் அழைப்பிதழ். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாமல், சங்கத் தலைவரே நாளையும் இடத்தையும் நோக்கத்தையும் சொல்லி வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினால் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டி என்று ஒரு மாலைக்குள் பரவிவிடும். இதற்குக் காரணம் அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதல்ல. இந்தியச் சைகை மொழிக்கென்று தனி இலக்கணம் உண்டு; வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் நிறைந்த எழுத்துத் தமிழ் பலருக்கு இரண்டாம் மொழி. அதையும் சைகை இல்லாத வகுப்பறைகளில் கற்றவர்கள் அவர்கள்.

காணொளியில் மாட்டுத்தாவணியிலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் எந்த எண் பேருந்தில் வர வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதைப் படத்துடன் காட்டுங்கள். இறங்கும் இடத்தில் நடத்துனர் குரல் கொடுப்பார் என்று நம்பி இவர்கள் உட்கார முடியாது. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லை என்பதால் அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பதிவு மேசையில் பெயர், ஊர், தொழில், கைபேசி எண்ணுடன் பெயர்ச் சைகையையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கன்னத்து மச்சத்தையோ சிறுவயதுப் பழக்கத்தையோ அடையாளமாக வைத்துச் சமூகம் ஒவ்வொருவருக்கும் சூட்டிய பெயர் அது. ஆவணத்தில் உள்ள பெயரைச் சொன்னால் நண்பர்களுக்கே ஆள் யாரென்று தெரியாது. பெயர்ச் சைகையைக் காட்டினால் இராமநாதபுரத்திலிருந்து வந்தவரும் தலையாட்டுவார்.

நிகழ்ச்சி நிரல்

காதால் கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டும் உரையைக் கேட்கலாம். கண்ணால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முக்கால் மணி நேரத்துக்கு ஓர் இடைவேளை கட்டாயம் வேண்டும். ஒரு நாளில் நான்கு பொருள்களுக்கு மேல் எடுக்காதீர்கள். மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையும், வேலைவாய்ப்பு, பிள்ளைகளின் கல்வி, காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உள்ள உரிமை ஆகிய நான்கே ஒரு நாளுக்கு மிகுதி.

சட்ட அமர்வுக்கு வருபவரிடம் பொதுவான உரையைக் கேட்காமல், பிரிவு எண்ணோடு பேசச் சொல்லுங்கள். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரு காதுகளிலும் 70 டெசிபல் செவித்திறன் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. அதன் 34ஆம் பிரிவு அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்குகிறது; அதில் 1 விழுக்காடு இந்த இரு பிரிவினருக்கும் உரியது. 42ஆம் பிரிவு மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பையும் எழுத்து வரிகளையும் வலியுறுத்துகிறது. வாயால் பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியோடு பதிய வேண்டும், அதைக் காணொளியாக எடுக்க வேண்டும் என்று 2013இல் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 125ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கடைசியாகச் சொன்ன இந்த விதி பெண்களுக்கு மிக முக்கியம். அதைப் பெண்கள் மட்டும் கூடும் தனி அமர்வில், காது கேளாத பெண் ஒருவரே தலைமை ஏற்று விளக்குவது நல்லது. அங்கே மொழிபெயர்ப்பாளரும் பெண்ணாகவே இருக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞரான சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் முன்னிலையானார். மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. அங்கே தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரைச் சட்ட அமர்வுக்கு அழைத்து, அந்தக் காட்சியின் படத்தையும் திரையில் காட்டினால், பள்ளி இறுதியில் இருக்கும் மாணவர்கள் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

அதிகாரிகள் தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்புவார்கள். அதைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை, அதற்கேற்பத் திட்டமிடலாம். அவர்களுடைய நேரத்தைப் பதினொரு மணிக்கு வைத்து, அவர்கள் பேசுவதற்கு முன்பாகச் சங்கத் தலைவர் கோரிக்கைகளைச் சொல்லி முடித்துவிட வேண்டும். பின்னால் வைத்தால் காலி நாற்காலியிடம் கோரிக்கை வைத்தவர்களாவோம். பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை விட முடியாது என்றால் பேச்சு முடிந்த பிறகு போர்த்துங்கள். சால்வைக்குள் சிக்கிய கையால் யாரும் சைகை பேச முடியாது. கைதட்டல் என்பது இரு கைகளையும் உயர்த்தி விரல் விரித்து அசைப்பது என்பதை விருந்தினருக்கு முதலிலேயே சொல்லிவிட்டால், அவர்களும் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

பந்தி

சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஆனதும் கோபப்படும் ஏற்பாட்டாளர்களைப் பார்த்திருக்கிறேன். வலக்கையில் சோறு இருக்கும்போது இடக்கையால்தான் பேச முடியும். பேச்சு சூடு பிடித்தால் சோறு காத்திருக்கும். நம் பந்தி முறையில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக உட்காருவதால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும். மேசைகளை எதிரெதிராகப் போட்டால் அந்தச் சிரமம் தீரும். பரிமாறுபவர்களை ஐந்து நிமிடம் நிறுத்தி, பின்னாலிருந்து ‘சாம்பாரா, ரசமா?’ என்று கேட்காமல், எதிரே வந்து வாளியைக் காட்டிவிட்டு ஊற்றச் சொல்லிக் கொடுங்கள். இலைக்கு மேல் விரித்த உள்ளங்கை ‘போதும்’ என்று சொல்வது இரு தரப்புக்கும் பொதுவான சைகை. அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒன்றரை மணி நேரமே ஒதுக்கிவிடுங்கள். மாநாட்டின் உண்மையான விவாதங்களில் பாதி அங்கேதான் நடக்கிறது.

மண்டபத்தை நான்கரை மணிக்கு முடித்துக்கொள்வதாக அறிவித்து, ஆறரை மணி வரை வாடகை பேசுங்கள். ஊரில் தன்னோடு சைகையில் பேச யாருமில்லாமல் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர், ‘கிளம்புகிறேன்’ என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்புவார். விளக்கை அணைத்து வெளியே அனுப்பினால் தெருவிளக்கின் கீழே போய் நிற்பார்கள். கடைசிப் பேருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள்.

தீர்மானங்கள்

தமிழில் எழுதி வைத்த தீர்மானத்தை மொழிபெயர்த்துக் காட்டி ஒப்புதல் வாங்குவது எளிது. ஆனால் அது முறையல்ல. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வட்டங்களாக உட்கார்ந்து விவாதித்து, ஒவ்வொரு வட்டமும் தன் கோரிக்கையைச் சைகையில் சொல்ல, அதைக் காணொளியாகப் பதிந்து, பிறகு அதிலிருந்து தமிழில் எழுதுங்கள். ஐயம் வந்தால் காணொளியே மூலம். ‘அனைத்து வசதிகளும் செய்து தரப்பட வேண்டும்’ என்பது போன்ற தீர்மானத்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ‘அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் அழைக்கப்படும் எண் திரையில் தெரிய வேண்டும்’ என்று எழுதினால், அது நடந்ததா இல்லையா என்று அடுத்த ஆண்டு போய்ப் பார்க்க முடியும். ஐந்து தீர்மானங்கள் போதும்.

வாக்கெடுப்புக்குக் கையை உயர்த்தச் சொன்னால் அது கைதட்டலா, வாக்கா, பேச அனுமதி கேட்பதா என்று குழப்பம் வரும். பச்சை, சிவப்பு அட்டைகளைப் பதிவு மேசையிலேயே கொடுத்துவிடுங்கள். மேடையிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தால் எண்ணிக்கைக்கு அதுவே சான்று.

மறுநாள்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஞாயிறு இரவே தீர்மானங்களைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனி மனுவாக, உரிய சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மனுவில் ஐந்து கோரிக்கைகள் இருந்தால் அது ஒரு துறைக்குப் போய் மற்ற நான்கும் அங்கேயே தங்கிவிடும். நான்கைந்து நிர்வாகிகள் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு காலையிலேயே போய் வரிசையில் நின்று, மனுக்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிவு எண்ணைப் பெற வேண்டும். படியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் கொடுக்கலாம். மாவட்ட அளவில் தீராதவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்பலாம்.

ஆட்சியரிடமோ அலுவலரிடமோ பேசும்போது மொழிபெயர்ப்பாளர் சற்றுப் பின்னால், அதிகாரிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னால் நின்றால் அதிகாரி அவரிடமே பேசத் தொடங்கி, ‘இவருக்கு என்ன வேண்டுமாம்?’ என்று கேட்பார். அப்படிக் கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை. கேள்வியை அப்படியே சைகையில் சங்கத் தலைவரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும் பதிலை ‘எனக்கு வேண்டியது...’ என்று தன்மையில் தொடங்கிக் குரலில் சொல்வேன். இரண்டாவது கேள்விக்குள் அதிகாரியின் பார்வை தலைவர் பக்கம் திரும்பிவிடும்.

வெளியே வந்ததும் அலுவலக வளாகத்தில் நிழலான ஓரிடத்தில் நின்று, யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார்கள், மனு எண்கள் என்ன என்பதைத் தலைவர் சைகையில் சொல்லும் இரண்டு நிமிடக் காணொளியை எடுத்து அன்றே குழுக்களில் அனுப்பிவிடுங்கள். எண்களை விரலில் காட்டும்போது மெதுவாக, ஒவ்வொன்றையும் இருமுறை காட்டச் சொல்லுங்கள். ஊரில் அதைப் பார்ப்பவர்கள் தாளில் குறித்துக்கொள்வார்கள்.